கம்பி நீட்டியவன்

சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இந்த ஊரில் சங்கு ஊதுகிறது. ஆலைச் சங்கு இல்லை. வெள்ளமோ தீயோ வந்தால் ஊரை எச்சரிக்கக் கூரைகளின் மேல் வைத்திருக்கிற சங்கு. அது வேலை செய்கிறதா என்று வாரம் ஒருமுறை ஊதிப் பார்க்கிறார்கள். பதினைந்து விநாடி. தெருவில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. புறாக்கள்கூடப் பழகிவிட்டன. ஆஸ்திரியாவில், லின்ஸ் என்கிற இந்த நகரத்தில், பதினாறு வருடமாகப் பழகாதது என் கை ஒன்றுதான். சங்கு ஏறும்போது அது தானாக எதையோ தேடி நீளும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தால் கத்தியை வைத்துவிட்டு நீளும். ஒருமுறை கடையில் வரிசையில் நின்றிருந்தபோது, முன்னால் நின்ற அம்மாளின் கைப்பையை நோக்கி நீண்டுவிட்டது. அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். அம்மா, இந்தக் கை உங்கள் பையைத் தேடவில்லை, ஆரம்பாக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கிய எவர்சில்வர் கேரியரைத் தேடுகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அந்த வாக்கியத்துக்கு இடமில்லை. 'என்ட்ஷுல்டிகுங்' என்றேன். மன்னியுங்கள். வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட சொல். இன்றைக்கும் எனக்கு அதிகம் செலவாகிற சொல் அதுதான்.

நைனா கம்பி ஆலையில் வேலை செய்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். ரயிலில் அடுத்த ஸ்டேஷன் ஆந்திரா. ஆரம்பாக்கத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, தண்டவாளத்தை ஒட்டி இருந்தது ஆலை. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டி உருளைகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து, ஒவ்வொரு முறையும் மெலிந்து நீண்டு, கடைசியில் சிவந்த பாம்பாகத் தரையில் ஓடும். ஆறினால் அதுதான் வீடு கட்டுகிற கம்பி. அந்த ஆலையின் சங்கு எங்கள் தெருவுக்கே கடிகாரம். காலை ஆறு மணிச் சங்குக்கு அடுப்பில் உலை இருக்க வேண்டும். பன்னிரண்டு மணிச் சங்குக்குச் சோறு கேரியரில் இருக்க வேண்டும். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அடுப்படி பதினாலு வயதில் தனம் அக்காவுக்கு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை எனக்குப் பள்ளி கிடையாது என்பதால் அன்றைக்குக் கேரியர் என் பொறுப்பு. சங்கு ஊத ஆரம்பிக்கையில் அதை ஆணியிலிருந்து எடுக்க வேண்டும். ஊதி முடிக்கையில் நான் சைக்கிள்மேல் இருக்க வேண்டும். வீட்டில் டம்ளருக்கு ஓர் இடம், தீப்பெட்டிக்கு ஓர் இடம், சீப்புக்கு ஓர் இடம். 'எடுத்ததை எடுத்த எடத்துல வை' என்கிற வாக்கியம் அந்த வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்போடு சேர்த்துப் பூசப்பட்டிருந்தது. எனக்கோ எடுத்த எதையும் எடுத்த இடத்தில் வைக்கிற கை வாய்க்கவில்லை. கவிதை எழுதுகிறேன் என்று திரிந்த வயது. மேகத்துக்கு யார் சங்கு ஊதுகிறார்கள் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு அதைப் பெரிய கேள்வி என்று நம்பியிருந்தேன்.

இருபத்திரண்டு வயதில் ஒரு நாள், தட்டைக் கழுவி அதன் இடத்தில் கவிழ்க்கவில்லை என்று நைனா கேட்டபோது, வெடித்தேன். “இது இன்னா ஊடா, ஜெயிலா? உள்ள குந்திகினு கம்பி எண்ணிகினு கீறேன் நான்.”

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “நான் நீட்டி அனுப்புற கம்பிதான? நல்லா எண்ணு. ஒண்ணு கொறஞ்சாலும் மேஸ்திரி என்னியத்தான் கேப்பான்.”

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, “எண்ணி முட்ச்சிட்டு சொல்லுடா, நான் எழுதிக்கிறேன்” என்றாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு பையோடு சென்னைக்கு ரயிலேறினேன். அங்கிருந்து மஸ்கட். அங்கிருந்து எங்கெங்கோ. தெருவில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்களாம்: தனத்தோட தம்பி கம்பி நீட்டிட்டான். உள்ளே கிடப்பவன் எண்ணுவதும் கம்பி, தப்பித்து ஓடுகிறவன் நீட்டுவதும் கம்பி. எங்கள் மொழி இந்த ஒரு பொருளை வைத்துக்கொண்டு எப்படித்தான் இரண்டு பக்கமும் பேசுகிறதோ என்று அந்நிய ஊர் அறைகளில் படுத்துக்கொண்டு நிறைய நேரம் யோசித்திருக்கிறேன். மூன்றாவதாக ஒரு கம்பி இருக்கிறது என்பது தெரிய எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

ஆசைப்பட்ட சுதந்திரம் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் முழுதாகக் கிடைத்தது. பார்த்த வேலை ஒப்பந்தம் முடிந்து நின்றுவிட்டது. நாலு மாதம் எந்தச் சங்குக்கும் நான் எழ வேண்டியதில்லை. எந்தத் தட்டையும் கழுவ வேண்டியதில்லை. முதல் வாரம் இனித்தது. அப்புறம் நாட்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. செவ்வாயும் வெள்ளியும் ஒன்றாயின. இங்கே ஜன்னலுக்கு வெளியே மடிப்பு மடிப்பாக இறங்குகிற ஒரு மறைப்பு உண்டு, நம் ஊர்க் கடைகளின் ஷட்டர் மாதிரி. அதைத் தூக்காமலே கிடந்தேன். அதே கட்டடத்தில், முற்றத்துக்கு எதிர்ப்பக்கம், ஹெல்கா என்று ஒரு அம்மாள். தினமும் மாடிப்படியில் பிடித்துக்கொள்வாள். “அல்லெஸ் இன் ஓர்ட்னுங்?” என்பாள். ஓர்ட்னுங் என்றால் ஒழுங்கு என்று அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்கிறாள்! நைனா இங்கேயும் வந்துவிட்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறைப்பாக நின்று பதில் சொன்னேன்: “ஆமாம். ஷூ ஒழுங்கு. குப்பைத்தொட்டி ஒழுங்கு. சைக்கிள் ஒழுங்கு.” அவள் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்து கொடுத்தாள். ஒழுங்காக இருந்ததற்குப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். இது பல வாரம் நடந்தது. நான் பட்டியல் சொல்வதும் அவள் சூப் கொடுப்பதும்.

பிறகு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்து, அங்கே துணி மடிக்கிற யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைக் குறையாகச் சொன்னேன். அவர் மடித்த போர்வையை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயோ, அது ‘நீர் சுகமா இருக்கிறீரோ’ எண்டு கேக்கிறதல்லோ! நீர் குப்பைத்தொட்டிக் கணக்குச் சொன்னனீரோ?” அன்று சாயங்காலம் ஹெல்காவிடம் போய் எனக்குத் தெரிந்த மன்னிப்புச் சொல்லைச் சொன்னேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. என் ஜன்னல் மறைப்பு காலை எட்டு மணிக்குள் மேலே போகிறதா என்று பார்ப்பது தன் வழக்கம் என்றும், போகாவிட்டால் கதவைத் தட்டலாமா கூடாதா என்று தனக்குத் தவிப்பாக இருக்கும் என்றும் சொன்னாள். மறுநாளிலிருந்து ஏழு மணிக்குத் தூக்கிவிடுகிறேன். லீவு நாளிலும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட மனிதன் அப்புறம் தப்புச் செய்ய மாட்டான் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன்.

போன வருடம் அக்காவின் கண் போய்விட்டது. சர்க்கரை. இடது கண் முன்பே போயிருந்தது. வலது கண்ணில் இப்போது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். ஒரு பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் இருபது வருடம் அட்டைப்பெட்டி மடித்தவள். நைனா எப்போதோ போய்விட்டார். மாமா இறந்து நாலு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஆரம்பாக்கத்தில் நைனா கட்டிய அதே வீட்டில் தனியாக இருந்தாள். கண் தெரியாத ஒருத்தி, பின்கட்டில் கைப்பிடிச் சுவர் தாழ்ந்த பழைய கிணறு உள்ள வீட்டில், தனியாக! என்னால் இங்கே துணி மடிக்க முடியவில்லை. மூன்று வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். செங்குன்றம் தாண்டி ஒரு நல்ல இல்லம் இருப்பதாக விசாரித்து வைத்துக்கொண்டேன். ஓர் அறைக்கு ஒரு மணி, அழுத்தினால் நர்ஸ் வருவாள். வீட்டைப் பூட்டி அக்காவை அங்கே சேர்த்துவிட்டுத் திரும்புவது என்று முடிவு. ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கரைத்தபடியே ஒரு கேள்வி கேட்டாள். “அங்க சங்கு கேக்குமா?”

“சங்கு எதுக்குக்கா? மணி இருக்கும்.”

“மணி நான் அடிச்சாதான அடிக்கும்” என்றாள். “பத்து நாள் இருந்து பாரு. நான் இங்க கெடந்து சாவுறேன்னு உனக்குத் தோணிச்சின்னா, நீ சொல்ற எடத்துக்கு வரேன். போதுமா?”

போதும் என்றேன். பந்தயம் கட்டியவன் போலப் பார்க்க ஆரம்பித்தேன். ஆலை கைமாறிப் பெயர் மாறிவிட்டது, சங்கு மட்டும் அதேதான். அக்காவின் நாள் முழுக்க அதில் தொங்கியது. பொழுதை அவள் ஷிப்ட் என்றுதான் சொல்வாள். ஆறு மணிச் சங்குக்கு முன் எழுந்து பல் விளக்கி நிற்பாள். பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிற பிபின், ஒடிசாக்காரன், அதே ஆலையில் வேலை, முப்பது தாண்டியவன், ஜன்னல் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டி, “அக்கா, டூட்டிக்குப் போய்க்கினு வரேன்” என்பான். “வண்டி கிண்டி பாத்துப் போடா” என்று இவள் உள்ளேயிருந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவன் செருப்புச் சத்தம் நகரும். அப்புறம் சூலூர்பேட்டையிலிருந்து வருகிற ரயில் தாண்டும்போது அடுப்பு. பால்காரர் மணிக்குக் காபி. பதினோரு மணிக்குப் பின்கட்டில் குளியல். பன்னிரண்டு மணிச் சங்கு நிற்கும்போது எதிர்வீட்டு மும்தாஜின் குரல் தெருவைத் தாண்டி வரும். பழவேற்காட்டில் பிறந்தவள், அக்காவோடு பேக்கிங்கில் இருந்தவள்.

“தனம்! சோறா டிபனா?”

“சோறுதாண்டி!”

“கொழம்பு இன்னா?”

“உன் தலை!”

தினமும் இதே நாலு வரி. மதியத் தூக்கம், ரேடியோ, மாலையில் பிபின் திரும்பி மறுபடி இரண்டு தட்டு. அடுக்களையில் உப்புக்கு இடப்பக்கம் புளி, புளிக்கு இடப்பக்கம் மிளகாய்ப்பொடி, அதிலிருந்து ஒரு சாண் தள்ளித் தீப்பெட்டி. நான் தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பை வைக்கிற ஓசையிலேயே, “அங்க இல்ல, அண்டா மேல” என்பாள். நாலாம் நாள் எனக்கு மூச்சு முட்டியது. இருபத்திரண்டு வயது மறுபடி உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. “ஒரே ஒரு நாளாவது லேட்டா எழுந்திரேன்க்கா” என்றேன்.

“நான் தூங்கினா பிபினுக்கு யாருடா பதில் சொல்றது?”

“குடியிருக்கிறவனுக்காக நீ விடிகாலையில் எழுந்து நிற்கணுமா? உன்னை நீயே எதற்கு இப்படிக் கட்டிப்போட்டுக்கொள்கிறாய்?”

வெளியே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பிபின் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “இன்னா அண்ணா, டிவி நியூஸ் மாதிரியே பேசுறீங்கோ.” அக்கா ரொம்ப நேரம் சிரித்தாள். அது உண்மைதான். ஒடிசாக்காரன் எங்கள் ஊர்த் தமிழைப் பிசகாமல் பேசினான். நான் எங்கிருந்தோ வந்தவன் மாதிரி அச்சில் படித்த தமிழைப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் யார் ஊர்க்காரன், யார் பரதேசி என்று கேட்டால் சொம்புகூட அவன் பக்கம்தான் கை காட்டியிருக்கும்.

எட்டாம் நாள் அக்காவுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று தோன்றியது. இந்தத் தோன்றலைப் பற்றிப் புலம்பெயர்ந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் பயப்பட வேண்டும். காலையில் அவள் ரசம் வைக்கிற நேரத்தில் பின்கட்டைச் சுத்தம் செய்தேன். களை பிடுங்கினேன். கதவிலிருந்து குளியலறை வரை ஒரு பழைய கொடிக்கம்பி போயிற்று. துணி காயப்போடுகிற கொடி, ஆனால் என்ன காரணத்தாலோ இடுப்பு உயரத்தில். வந்த நாளிலிருந்து என் வயிற்றில் இடித்துக்கொண்டே இருந்தது. துருப்பிடித்துக் கிடந்தது. போதாக்குறைக்கு அங்கங்கே கிழிசல் துணி முடிச்சுகள். துவைத்த புடவை மாட்டிக் கிழிந்த நைந்த துண்டுகள் என்று எண்ணி ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டேன். கம்பியைக் கழற்றிச் சுருட்டினேன். அதற்குப் பதிலாகத் தலைக்கு மேலே, சுவரோரமாக, நீல நிற நைலான் கயிறு புதிதாகக் கட்டினேன். வாசப்படியில் இருந்த அவள் செருப்பைக்கூடத் தேய்த்துக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தேன். வந்து தொட்டுப் பார்க்கட்டும், ஆச்சரியப்படட்டும் என்று சொல்லாமலே டீக்கடைக்குப் போனேன். அங்கே பழைய பள்ளித் தோழன் ஒருவன் கிடைத்தான். அவனிடம், அக்கா இனிமேல் தனியாக இருக்க முடியாது, பிடிவாதம், பழக்கத்துக்கு அடிமையாகிவிட்டாள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. என் கை, வழக்கம் போல, நீண்டது. டீ கிளாஸ் கவிழ்ந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது தெருக்கதவு விரியத் திறந்திருந்தது. பின்கட்டில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். மும்தாஜ் அவள் பாதங்களில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குக் குளிக்கக் கிளம்பியவள், செருப்பைக் காலால் துழாவி, இல்லையென்றதும் வெறுங்காலோடு இறங்கியிருக்கிறாள். கையை நீட்டியிருக்கிறாள். கம்பி இல்லை. இன்னும் ரெண்டடி. இல்லை. திரும்பியிருக்கிறாள். திரும்பியதில் திசை போய்விட்டது. எந்தப் பக்கம் கதவு, எந்தப் பக்கம் கிணறு என்று தெரியவில்லை. ஒரு பக்கம் கிணறு என்பது மட்டும் தெரியும். அதனால் காலை எடுத்து வைக்காமல், காய்ந்த சிமெண்டுத் தரையில், வெயிலில், ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். மும்தாஜ் ஓடிவந்தபோது அக்காவின் வலது கை இடுப்பு உயரத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்ததாம்.

“மூணு வாட்டி கூப்ட்டேன், சோறா டிபனான்னு” என்றாள் மும்தாஜ், என்னைப் பார்க்காமல். “பதில் இல்ல. பதிமூணு வருசத்துல ஒரு நாளு இவ பதில் சொல்லாம இருந்ததில்ல. அட்ச்சி புட்ச்சி ஓடியாந்தேன்.” பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். சுருட்டி வைத்திருந்த கம்பியைக் காட்டினாள். “ஏன் தம்பி, அவ்ளோ தூரத்துலேர்ந்து பிளேன் ஏறி வந்து, கயட்டுறதுக்கு ஒனக்கு இந்தக் கம்பிதான் கெட்ச்சிதா?”

அப்போதுதான் தெரிந்தது. கண் மங்க ஆரம்பித்ததும் அக்கா சொல்லி, பிபின் கட்டிக் கொடுத்த கம்பி அது. ஒரு முடிச்சு வந்தால் படி. இரண்டு முடிச்சு வந்தால் துவைக்கிற கல். மூன்று முடிச்சு குளியலறைக் கதவு. நான் கிழிசல் என்று பிய்த்துப்போட்டவை அவளுடைய ஊர்ப்பலகைகள். அந்த நாலு வரி கிண்டல் இருக்கிறதே, சோறா டிபனா, அது சங்கு மாதிரிதான். வேலை செய்கிறதா என்று தினமும் ஊதிப் பார்த்திருக்கிறார்கள். பிபினின் இரண்டு தட்டும் அப்படித்தான். கதவு திறக்கிற சாவி ஒன்று அவனிடம் இருந்தது. பதில் வராத காலையில் உள்ளே வர வேண்டும் என்று பேச்சு. ஹெல்கா என் ஜன்னலைப் பார்த்ததைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் தேவைப்பட்டார். என் சொந்த வீட்டைப் புரிந்துகொள்ள அக்காவின் பாதம் வெந்துபோக வேண்டியிருந்தது.

“கத்தியிருக்கலாமேக்கா” என்றேன். “நான் வீட்டிலதான் இருக்கேன்னு நினைச்சிருப்பே. ஏன் கூப்பிடல?”

அவள் பாதத்தைத் தண்ணீரில் அசைத்துக்கொண்டு சிரித்தாள். “கத்தினா நீ ஜெயிச்சிருப்பே.”

சர்க்கரை உள்ளவளுக்குப் பாதத்தில் கொப்புளம் என்றால் சின்ன விஷயமில்லை. இரண்டு உள்ளங்காலிலும் கட்டு. புண் ஆறாவிட்டால் விரல் போகலாம் என்று கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். நடக்கக் கூடாது. ஆகவே மிச்சமிருந்த நாட்களில் அக்காவின் ஷிப்ட் என் கைக்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஆறு மணிச் சங்குக்கு முன் எழுந்து நின்றேன். பிபினின் தட்டுக்கு நான் பதில் சொன்னேன். முதல் நாள் அவன் நகரவில்லை. “அக்கா கொரல் கேக்கணும் அண்ணா” என்றான், வெளியேயிருந்து. மாத்திரைக்கு ஒரு ரயில், கட்டு மாற்ற ஒரு சங்கு. பன்னிரண்டு மணிக்கு மும்தாஜ் என்னைக் கேட்டாள், சோறா டிபனா என்று. நான் சோறு என்றேன். “கொழம்பு இன்னா?” உள்ளேயிருந்து அக்கா கத்தினாள்: “சொல்லுடா! அவ தலைன்னு சொல்லு!” சொன்னேன். தெருவே சிரித்தது. இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்தத் தெரு என்னிடம் ஒரு பதில் வாங்கிக்கொண்டது. அந்த வாரத்தில் ஒரு நாள்கூட எனக்கு மூச்சு முட்டவில்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீச்சல் தெரியாதவன் குளத்துப் படியின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முதல் முறை தண்ணீரில் காலை உதைக்கிறானே, அந்த மாதிரி இருந்தது.

புண் காய ஆரம்பித்த அன்று நானும் பிபினும் கம்பியை மறுபடி கட்டினோம். அதே உயரம். அக்கா கட்டிலைப் பின்வாசலில் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு மேஸ்திரி வேலை பார்த்தாள். “துணி கொண்டா” என்றாள். பழைய புடவைத் துண்டுகளை நான்தான் குப்பையில் போட்டிருந்தேன். என் கழுத்தில் சுற்றிவந்த சிவப்புக் கம்பளி மஃப்ளர் ஆணியில் தொங்கியது. அதை நீளமாகக் கிழித்தேன். அவளே தடவித் தடவி முடிச்சுப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. “இது நல்லா மெத்துனு கீதுடா, இருட்டுலகூடத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். அன்று மாலை செங்குன்றம் இல்லத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

இப்போது இங்கே குளிர். மஃப்ளர் இல்லாமல்தான் வேலைக்குப் போகிறேன். ஏழு மணிக்கு ஜன்னல் மறைப்பைத் தூக்கும்போது எதிரே ஹெல்காவின் ஜன்னலையும் பார்க்கிறேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவளுடையது எட்டு மணிக்கு மேலே போகும். போனதும் நான் படியிறங்குவேன். இந்த ஊர்க் கணக்கில் காலை ஏழரைக்கு ஆரம்பாக்கத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு. கோடையில் எட்டரை. அந்த நேரத்தில் என் கை சும்மாதான் இருக்கிறது. சனிக்கிழமை இங்கே ஊதுகிறபோதுதான் நீள்கிறது. எந்தச் சங்குக்கு எந்தக் கை என்று அதுவே குழம்பிப்போயிருக்கிறது.

கிளம்பிய அன்று காலை அக்கா ஸ்டேஷனுக்கு வருவேன் என்று அடம்பிடித்தாள். புதுச் செருப்புக்குள் பஞ்சு வைத்து, மும்தாஜ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சூலூர்பேட்டை ரயில் கம்பெனிக்குப் போகிறவர்களை அடைத்துக்கொண்டு வந்தது. பையைத் தலைக்கு மேல் தூக்கி நுழைந்தேன். உள்ளே போக முடியவில்லை. வாசலிலேயே, ஒரு கால் ரயிலிலும் ஒரு கால் கிட்டத்தட்ட ஆரம்பாக்கத்திலுமாக நின்றேன். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே பிளாட்பாரத்தில் இதே பக்கம் ஏறினேன். அன்றைக்கு வழியனுப்ப யாரும் வந்திருக்கவில்லை. யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் போனவன் நான். அக்கா முகத்தை ரயிலின் நீளத்துக்குத் திருப்பி, நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல், பொதுவாக அந்தக் கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“எடம் கெட்ச்சிதாடா?”

“கெட்ச்சிதுக்கா. உக்காந்துட்டேன்.”

ரயில் அசைந்தது. அவள் முகம் சட்டென்று சரியாக என் பக்கம் திரும்பியது.

“பொய் சொல்லாத. வாசல்லதான் நின்னுகினு கீற. கம்பியக் கெட்டியா புட்ச்சிக்கோ.”